முன்னோர் யோசிக்கிறார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான்தான். நாரின் நகரில் பாதிப் பேர் அதை ஏதோ பெரியவர்கள் வாக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களாவது, வாக்காவது! ஒரு பனிக்காலக் காலையில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று என் உயிரை எடுத்த ஒரு சம்பந்திக் கூட்டத்தின் வாயை அடைக்க நான் சொன்னது அது. "முன்னோருங்க யோசிக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க."

என் பெயர் மைராம். வம்சாவளி மன்றத்தில் தட்டச்சு செய்கிறவள். எங்கள் மாகாணத்து ஊர் ஊராக வரும் பட்டியல்களைப் பார்த்து, யார் மகன் யார், அவன் தகப்பன் யார் என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. ஏழு தகப்பன்மாருக்குள் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் வந்துவிட்டால் கிர்கிஸ் வீட்டில் கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதனால் பெண் பார்த்த கையோடு எங்களிடம் வந்துவிடுவார்கள். இரண்டு பெயர்களை நான் அடிப்பேன், கணினி தேடும். தேடும், தேடும், தேடிக்கொண்டே இருக்கும். சில சமயம் இருபது நிமிடம், சில சமயம் இரண்டு மணி நேரம். சில சமயம் பாதியில் "நேரம் கடந்துவிட்டது" என்று எழுதிவிட்டு நின்றே போகும்.

நின்றால் என்ன, மறுபடி தேடச் சொன்னால் போயிற்று. ஆனால் நான் திருவாய் மலர்ந்தது ஊரெல்லாம் பரவிவிட்டதே! சீக்கிரம் பதில் வந்தால் முன்னோருக்குச் சம்மதம். தாமதமானால் அரை மனசு. நின்றுவிட்டால், ஐயோ, வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று கல்யாணங்கள் இப்படி முறிந்தன. "அது நான் சும்மா சொன்னதுங்க" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். யார் கேட்கிறார்கள்?

ஜிபார் மட்டும்தான் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "முன்னோரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல அக்கா! டிஸ்க் செட்டிங் சரியில்ல. அரை நாள் குடுங்க, சரி பண்ணித் தரேன்னு ரெண்டு வருஷமா கத்திக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா மந்திரம் ஓதி விட்டிருக்கீங்க."

இந்த ஜிபாரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் மன்றத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். அப்போது முப்பத்தாறு வயது. அப்பா கணவாய்கள் வழியே சரக்கு லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறை முழுக்க லாரியிலேயே சுற்றியவள் இவள். இஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று பத்து வயதில் சொல்வாளாம். பிஷ்கெக்கில் படித்து, அங்கே ஒரு பெரிய அலுவலகத்தில் ஏழு வருடம் டேட்டாபேஸ் வேலை பார்த்தாள். அப்பாவுக்கு முழங்கால் போனதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். நடக்கும்போது இரண்டு கையும் பாக்கெட்டில் இருக்கும். யோசிக்கும்போது கன்னத்தில் ஒரு குருத் உருண்டை ஒதுங்கியிருக்கும். அந்த உப்புத் தயிர்க்கட்டியைச் சப்பிக்கொண்டே சர்வர் அறையில் பாடுவாள். குரல் கர்ண கொடூரம். மனிதர்களைத் திட்டவே மாட்டாள், எல்லாத் திட்டும் இயந்திரங்களுக்குத்தான். ஒரு தடவை "சோம்பேறிக் கழுதை, எழுந்திரு!" என்று அவள் சர்வரைப் பார்த்துக் கத்த, அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் தலைவர் ஜரில்பெக் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த ஜரில்பெக் இருக்கிறாரே, நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் மாற்ற விடமாட்டார். ஜிபார் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். "வேகமா வந்தா அதுக்கு மரியாதை இருக்காதும்மா. ஏழு தலைமுறைங்கறது என்ன, பஸ் டிக்கெட்டா?"

மெதுவாக ஓடிய அந்த இயந்திரம் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரு வசந்த காலத்தில் தோலோத் என்ற கால்நடை மருத்துவர் தன் அண்ணன் மகனின் சம்பந்தத்துக்காக உறவினர்களோடு வந்தார். நாற்பது வயது, நெட்டை உருவம், சட்டைப் பையெல்லாம் ஊசி, மாத்திரை. அன்றைக்குத் தேடல் இரண்டு மணி நேரம் இழுத்தது. உறவினர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இவர் மட்டும் சர்வர் அறை வாசலில் நின்று ஜிபாரிடம் கேட்டார்: "இதுக்கு எங்கங்க வலிக்குது?"

இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி. குருத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். ஒன்றே முக்கால் மணி நேரம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் அண்ணன் மகன் இல்லாமலே வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஜிபாரின் பாட்டு நாளுக்கு நாள் உரக்கக் கேட்டது, நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டோம்.

தோலோத்துக்கு அப்பா இல்லை. பெரியப்பா ஓஸ்மோன் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். எழுபது வயது, கம்பளித் தொப்பியைத் தூங்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ. அவர் பெண்ணின் ஏழு தகப்பன்மார் பெயரைக் கேட்டார். ஜிபார் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஐந்தாவது பெயர் கோச்கோர்பாய். தோலோத்தின் வரிசையிலும் ஐந்தாவது கோச்கோர்பாய்! எங்கள் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கோச்கோர்பாய் மேல்தான் விழும், அவ்வளவு பேர் அந்தப் பெயரில். இருவரும் ஒருவரா, வேறு வேறா? கணினியைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டோம். மூன்று தடவை கேட்டோம். அந்தப் பெயர் வரும் ஊர்ப் பட்டியல்களையெல்லாம் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் மூன்று தடவையும் இரண்டு மணி நேரம் திணறிவிட்டு நின்றுபோயிற்று.

"மூணு தடவை," என்றார் ஓஸ்மோன், எழுந்துகொண்டே. "இதுக்கு மேல அவங்க வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

மறுநாள் ஜிபார் வேலைக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை. சர்வரையும் திட்டவில்லை. பாடவுமில்லை. எவளோ ஒருத்தி வாயாடித்தனமாய்ச் சொன்ன ஒரு சொல், முப்பத்தாறு வயதில் அவளுக்குக் கிடைத்த மனிதரைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அந்த எவளோ நான்தான். கோட்டை மாட்டிக்கொண்டு நேராக ஓஸ்மோன் வீட்டுக்குப் போனேன். பெரியவர்களை நாங்கள் அக்சகால் என்றுதான் கூப்பிடுவோம்.

"அக்சகால், மன்னிச்சிடுங்க. முன்னோர் யோசிக்கிறாங்கன்னு சொன்னது நான். என் வாய்க்கொழுப்பு. வேற ஒண்ணுமில்ல."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நீ சொன்னதா? இல்ல, உன் வாயில அவங்க சொல்ல வச்சதா?"

நல்லவேளை, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி காதிச்சா வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணு மிஷின்ல கோளாறுங்குதே. நம்ம மாடு நடக்கலேன்னா முன்னோர் பிடிச்சிழுக்கிறாங்கன்னா சொல்றோம்? தோலோத்தக் கூப்பிட்டுக் கால் குளம்பப் பாக்கச் சொல்றோம். சரி பண்ணிட்டு இன்னொரு தடவ பாத்தா என்ன குறைஞ்சு போச்சு?"

ஓஸ்மோன் நிபந்தனைகளைச் சொன்னார். எல்லாம் பட்டப்பகலில், அவர் கண் முன்னால் நடக்க வேண்டும். கல்யாணப் பெண் விசைப்பலகையைத் தொடக் கூடாது, ஏதாவது ஒரு பெயரை அழித்துவிட்டாள் என்று நாளைக்குப் பேச்சு வரும். பெயர்களின் எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். தோலோத் அறைக்குள் வரக் கூடாது, அவன் முகத்தைப் பார்த்தால் இவருக்கு மனசு இளகிவிடுமாம். "நாலாவது தடவையும் நின்னுச்சுன்னா, பேச்சு முடிஞ்சது. அப்புறம் எவளும் என் வீட்டுக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு வரக் கூடாது," என்று என்னைப் பார்த்தார்.

ஊர்ப் பெரியவரே சொன்ன பிறகு ஜரில்பெக்குக்கு மறுக்க வழியில்லை. சனிக்கிழமை காலை அவர் சர்வர் அறைக்குக் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டினார். நாடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் ஜிபார், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. இந்தப் பக்கம் விசைப்பலகை முன்னால் நான். என் முதுகுக்குப் பின்னால் ஓஸ்மோன், காதிச்சா, தோலோத்தின் இரண்டு சித்தப்பாக்கள். தோலோத் வெளியே தெருவில் தன் ஜீப்புக்குள்.

சர்வரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சூடாக இருக்கும், குளிர்காலத்தில் பக்கத்தில் நின்று குளிர்காயலாம் என்பதுதான். ஜிபார் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கை எடுத்தோம். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு பெயர்கள். ஓஸ்மோன் அதை ஒரு தாளில் எழுதித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். முழுவதற்கும் வேறொரு டிஸ்கில் ஒரு பிரதி முந்தின நாளே எடுத்தாயிற்று. பிறகு அளந்து பார்க்க ஒரு தேடல் வேண்டும் என்றாள் ஜிபார். "உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் போடுங்கக்கா."

போட்டேன். எனக்கும் என் புருஷனுக்கும் ஏழு தலைமுறைக்குள் எந்த உறவுமில்லை என்று சொல்ல அதற்குப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. "இருவது வருஷம் குடும்பம் நடத்தினப்புறம் இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது," என்றேன். சித்தப்பாக்கள் சிரித்தார்கள். ஓஸ்மோன் சிரிக்கவில்லை.

"அக்சகால், என்ன செய்யப் போறேன்னு சொல்லிடறேன்," என்றாள் ஜிபார். "பேருங்கள்லாம் ஃபைல்ல இருக்கு. அந்த ஃபைல்களை டிஸ்க்ல எப்படி அடுக்கணும், எப்படி எடுக்கணும்னு பாத்துக்கறது ஃபைல் சிஸ்டம். நான் பேரத் தொடப் போறதில்ல. அடுக்கற விதத்தத்தான் மாத்தப் போறேன். இப்ப இது ஒவ்வொரு தடவ ஒரு ஃபைலத் தொறந்து படிச்சாலும், இத்தன மணிக்குப் படிச்சாங்கன்னு டிஸ்க்ல குறிச்சு வைக்குது. யாரும் அதப் பாக்கறதில்ல. முதல்ல அத நிறுத்தணும்."

"யார் வந்தாலும் பேர் எழுதி வாங்கற வாட்ச்மேன் மாதிரியா?" என்றார் காதிச்சா.

"அதேதாம்மா."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் அடித்தேன். இயந்திரம் தெரியாது என்றது. மறுபடி அடித்தேன். மறுபடி தெரியாது என்றது. எனக்கு வேர்த்துவிட்டது. ஓஸ்மோன் தொண்டையைச் செருமினார். பிறகுதான் பார்த்தேன், பழக்கதோஷத்தில் கை கிர்கிஸ் எழுத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. "இது இங்கிலீஷ் மட்டும் படிச்ச கழுதைக்கா," என்றாள் ஜிபார். எழுத்தை மாற்றி அடித்ததும் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

மறுபடி என் புருஷனையும் என்னையும் போட்டேன். பதினாறு நிமிடம்.

"ரெண்டு நிமிஷம் மிச்சம்," என்றார் ஒரு சித்தப்பா, மரியாதையாகத்தான். ஜிபாரின் கன்னத்தில் குருத் இங்கிருந்து அங்கே போயிற்று.

"இதவிடப் பெரிய கோளாறு இன்னொண்ணு இருக்கு," என்றாள். "இந்த டிஸ்க்கை வாங்கின காலத்துல கல்லறைக் கல்லுங்களோட போட்டோ வைக்கத்தான் வாங்கினாங்க. பெரிய பெரிய படம். அதனால பெரிய மூட்டை மூட்டையா எடுக்கற மாதிரி வச்சுட்டாங்க. அது சரிதான். ஆனா அப்புறம் பேர்களையும் இதுலயே கொண்டுவந்து போட்டாங்க. பேர் தேடும்போது டேட்டாபேஸ் கேக்கறது ஒரு குவளை மாவு. எட்டு கிலோபைட். இது நூத்தி இருபத்தெட்டு கிலோபைட் மூட்டையையே தூக்கிட்டு வந்து, ஒரு குவளை எடுத்துக்குடுத்துட்டு, மூட்டையைத் திருப்பி எடுத்துட்டுப் போகுது. அடுத்த குவளைக்கு அடுத்த மூட்டை."

"முட்டாப் பயலா இருக்குதே!" என்றார் ஓஸ்மோன், தன்னை மறந்து.

மூட்டையின் அளவை எட்டு என்று மாற்ற அவள் சொன்னாள். அடித்தேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. என் புருஷனையும் என்னையும் மூன்றாம் முறை போட்டேன். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து.

பதினாறு நிமிடம்.

ஓஸ்மோன் கைத்தடியை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜிபாரைப் பார்த்தேன், அவள் முகம் வெளுத்திருந்தது. பிறகு திடீரென்று தன் நெற்றியில் தானே ஒரு அறை விட்டுக்கொண்டாள், பளாரென்று சத்தம் கேட்டது.

"கழுதை நான்தான்! பழைய ஃபைல் எல்லாம் பழைய மூட்டையிலேயேதான கட்டிக் கெடக்கு! இந்த செட்டிங் இனிமே எழுதறதுக்குத்தான். எல்லாத்தையும் புதுசா ஒரு எடத்துல எழுதணும். அக்சகால், உக்காருங்க, கைத்தடிய வைங்க, ஒரு மணி நேரம் குடுங்க!"

அவள் அவருக்குக் கட்டளை போடுவதைப் பார்த்து நான் நடுங்கினேன். ஓஸ்மோன் ஏனோ உட்கார்ந்துவிட்டார். "நாலாவது தடவ இன்னும் வரல," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல்.

டேட்டாபேஸை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன். புது இடத்துக்குப் பிரதி எடுக்கச் சொன்னாள், அடித்தேன். வேலை ஓட ஆரம்பித்ததும் காதிச்சா துணி மூட்டையைப் பிரித்து போர்சோக் என்ற பொரித்த ரொட்டித் துண்டுகளையும் ஆறின இறைச்சியையும் மேசையில் பரப்பினார். எல்லோரும் சாப்பிட்டோம். ஜிபார் மட்டும் தொடவில்லை. காதிச்சா நாடாவுக்கு மேலாகக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "தெரிஞ்சுதான் செய்றியா, இல்ல ஆசையில செய்றியா?"

"ரெண்டும்தாம்மா," என்றாள் ஜிபார். கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து ஜரில்பெக் தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வருடமாக எதையும் தொடாதே என்றவருக்கு அன்றைக்கு வேகம் பிடித்துவிட்டது. "இங்க பாரும்மா, இன்னொரு செட்டிங் போட்டிருக்கான். டிஸ்க்ல எழுதி முடிச்சாச்சான்னு உறுதி பண்ணாமயே மேல போயிடுமாம். வேகம் பல மடங்காம். அதையும் போட்டுடலாமா?"

"வேண்டாம்."

"நல்லாக் கேளும்மா, பல மடங்கு…"

"படிக்கிற வேலைக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. எழுதறதுதான் வேகமாகும். அதுக்கு நடுவுல கரென்ட் போச்சுன்னா கடைசியா ஏத்தின பேருங்க காணாமப் போகும். நாரின்ல கரென்ட் போறது உங்களுக்குத் தெரியாதா?"

ஓஸ்மோன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார். "உன் கல்யாணமே இந்த வேகத்துல தொங்குது. அதால பிரயோஜனம் இருந்திருந்தா போட்டிருப்பியா?"

"மாட்டேன் அக்சகால். யாரோ ஒருத்தரோட தகப்பன் பேரு எனக்காகத் தொலையக் கூடாது."

அவர் இறைச்சியில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்து ரொட்டி மேல் வைத்து, நாடாவுக்கு அந்தப் பக்கம் நீட்டினார். அவள் சாப்பிட்டாள்.

ஒரு மணி பத்து நிமிடத்தில் பிரதி முடிந்தது, டேட்டாபேஸைப் புது இடத்திலிருந்து ஓட விட்டேன். எண்ணிக்கை எடுத்தோம். ஓஸ்மோன் தொப்பியைக் கழற்றித் தாளை எடுத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு. ஒரு பெயர் கூடவில்லை, குறையவில்லை.

என் புருஷனையும் என்னையும் போட்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார இடுப்பைத் தளர்த்தினேன், அதற்குள் பதில் வந்துவிட்டது! நாற்பத்தெட்டு வினாடி! "அடியாத்தீ!" என்று கத்தியேவிட்டேன். சித்தப்பாக்கள் கைதட்டினார்கள். ஜரில்பெக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இப்ப அவங்க ரெண்டு பேரையும் போடு," என்றார் ஓஸ்மோன்.

போட்டேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அறுபது வினாடி போயிற்று. மூன்று முறையும் திணறி நின்ற கோச்கோர்பாய்கள் திரையில் வரிசையாக ஓடத் தொடங்கினார்கள், இந்த ஊர் கோச்கோர்பாய், அந்த ஊர் கோச்கோர்பாய் என்று. ஜிபார் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். இரண்டு நிமிடம் பத்து வினாடியில் பதில் வந்தது.

நான் உரக்கப் படித்தேன். "ரெண்டு கோச்கோர்பாயும் வேற வேற ஆளு. ஒருத்தர் சாரிக் மகன், இன்னொருத்தர் போரி மகன். ஏழு தலைமுறைக்குள்ள உறவு இல்ல." அடுத்த வரியையும் படிக்க வேண்டியிருந்தது. "எட்டாவது தகப்பன் ரெண்டு பேருக்கும் ஒருத்தரே. தோகோல்."

"எட்டு!" என்று நான் எழுந்தேன். "ஏழு தாண்டியாச்சு, அக்சகால்! நிக்கவும் இல்ல!"

ஓஸ்மோன் விரல்களை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். "எட்டு ரொம்பக் கிட்டயாச்சே," என்றார். "ஊருக்கு ஏழு. எங்க வீட்டுல எப்பவும் ஒம்பது பாப்போம்."

ஜிபாரின் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளின் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

"ஒம்பதா? எப்பலேர்ந்து?" என்று கேட்டார் காதிச்சா.

"எப்பவும்தான்."

"நாப்பத்து மூணு வருஷமா அந்த வீட்டுல இருக்கேன், நான் கேட்டதில்லையே. சரி. மைராம், நம்ம கிழவரையும் என்னையும் போட்டுப் பாரு. எங்களுக்கு ஒம்பது தாண்டுதான்னு பாக்கலாம். நாப்பது வினாடிதான, ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப, கிழவி…"

நான் அதற்குள் அடித்துவிட்டேன். விரல் பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தொன்பது வினாடியில் பதில் வந்தது. படித்தேன். ஜரில்பெக் என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார்.

"ஆறாவது தகப்பன்," என்றார் மெல்ல. "ரெண்டு பேருக்கும் ஒருத்தரே."

"மிஷின் பொய் சொல்லுது!" என்றார் ஓஸ்மோன்.

"எண்ணிக்கை நீங்கதான பாத்தீங்க, அக்சகால்," என்றார் ஜரில்பெக். நான் அந்தப் பதிவைத் திறந்து காட்டினேன். போன குளிர்காலத்தில் ஜும்கால் பக்கத்திலிருந்து வந்த பட்டியல், என் கையால் ஏற்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் அரசாங்கப் படைக்குப் பயந்து சனமெல்லாம் மலை தாண்டி ஓடியபோது, காதிச்சாவின் பாட்டனாரைக் கைக்குழந்தையாகப் பிள்ளையில்லாத ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வளர்த்தவர் பெயர்தான் அந்த வீட்டில் வாய்வழியாக வந்திருக்கிறது. பெற்றவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது.

காதிச்சா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வழிய, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஐயோ, நாப்பத்து மூணு வருஷமா சொந்தக்காரனுக்கா ரொட்டி சுட்டுப் போட்டிருக்கேன்! அஞ்சு புள்ளைங்க, பதினாலு பேரப்புள்ளைங்க! ஒம்பது பாப்பாராம், ஒம்பது!" சித்தப்பாக்களும் நானும் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு வெடித்தோம்.

ஓஸ்மோன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாடாவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "ஏம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி, "இதப் பழையபடி மெதுவாக்க முடியுமா?"

"முடியும் அக்சகால். ஆனா இன்னைக்கு நான் எதையும் தொடக் கூடாதே," என்றாள் ஜிபார். கண் கலங்கியிருந்தாலும் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

அவருக்கும் உதடு துடித்தது. மனைவியைப் பார்த்தார். "நாம நல்லாத்தான இருந்தோம், கிழவி?"

"நல்லாத்தான் இருந்தோம்."

"சண்டைகூடப் பெருசா போட்டதில்ல."

"போட்டோம். ஆனாலும் நல்லாத்தான் இருந்தோம்."

"அப்ப எட்டு போதும்," என்றார் ஓஸ்மோன். எழுந்து போய் அந்தச் சிவப்பு நாடாவைத் தானே அவிழ்த்தார்.

காதிச்சா கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே வெள்ளிக் காதணிகள். அவற்றைப் போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. கொண்டுவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, புருஷனுக்குத் தெரியாமல் காலையிலேயே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! "தலையக் குனி," என்று ஜிபாரின் காதைப் பிடித்தார். பாக்கெட்டை விட்டு வெளியே வராத அந்த இரண்டு கைகளும் கிழவியின் தோளைக் கட்டிக்கொண்டன. ஜிபார் சத்தம் போட்டு அழுதாள், அந்த அழுகையும் அவள் பாட்டு மாதிரியே கேட்கச் சகிக்காது. நானும் அழுதேன்.

அப்புறம்தான் வெளியே ஒரு மனிதர் காலையிலிருந்து ஜீப்பில் காய்ந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது. கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினேன். கண்ணாடியைத் தட்டி, "சுயுன்ச்சு! சுயுன்ச்சு!" என்று கத்தினேன். நல்ல சேதியை முதலில் கொண்டுவந்தவள் கேட்டால், கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது முறை. தோலோத் ஒரு பையில் கையை விட்டார், ஊசி. இன்னொரு பையில் விட்டார், ஒரு அட்டை மாத்திரை. அதை என் உள்ளங்கையில் அழுத்திவிட்டு, ஜீப்பின் கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே ஓடினார்.

பார்த்தேன். ஆட்டுக் குடல்புழு மாத்திரை. எங்கள் வீட்டில் ஆடே கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று, என் வாழ்நாளில் இப்படி ஒரு சன்மானம் வாங்கியதில்லை என்று சிரித்தேன்.